சைமன்ஸ் க்வெஸ்டை இன்று விளையாடுவது எப்படி

கொனாமி நிறுவனம் 1986ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட கேஸில்வேனியா, கோட்டை வாசலில் தொடங்கி டிராகுலாவின் அறைவரை ஒரே திசையில் செல்லும், கடினமான ஆனால் ஒளிவுமறைவு இல்லாத வீடியோ விளையாட்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், முதல் விளையாட்டைப் போலவே வட்டு வடிவில் வந்த தொடர்ச்சியான கேஸில்வேனியா 2: சைமன்ஸ் க்வெஸ்ட், அந்த நேர்வழியைக் கைவிட்டது. ஊர்களும் காடுகளும் கல்லறைகளும் மாளிகைகளுமாகப் பரந்து கிடக்கும் ஒரு நிலப்பரப்பை ஆட்டக்காரரிடம் ஒப்படைத்து, எங்கே போக வேண்டும், போய் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டது. கண்டுபிடிப்பதற்குத் தேவையான குறிப்புகள் பாதி பொய்யாகவும், ஆங்கிலப் பதிப்பில் மீதிப் பாதி குழப்பமாகவும் அமைந்ததால், இத்தொடரின் பழைய விளையாட்டுகளில் அதிகம் திட்டு வாங்கியது இதுவாகிப் போனது.

இதை விளையாட விரும்புபவர் இரண்டு தவறான வழிகளில் ஒன்றைத்தான் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று, எந்த உதவியும் இல்லாமல் தொடங்கி, ஓர் ஏரிக்கரையில் வழி தெரியாமல் நின்று, சலித்து நிறுத்திவிடுவது. மற்றொன்று, அடிக்கு அடி வழிகாட்டும் முழு விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது சொன்னபடியே நடந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பது. இந்த வழிகாட்டி இரண்டுக்கும் இடைப்பட்டது. எந்த ஆட்டக்காரரும் தன் அறிவைக் கொண்டு ஊகிக்கவே முடியாத சில விடைகளை மட்டும் இது முன்கூட்டியே சொல்கிறது. ஊகித்தும் அலைந்தும் அடையக்கூடியவற்றை, குறிப்பாக எந்தச் சாலை எந்த ஊருக்குப் போகிறது என்பதை, வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறது. ஏனெனில் இந்த விளையாட்டின் சுவை அந்த அலைச்சலில்தான் இருக்கிறது.

எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது

ஜப்பானியப் பதிப்பு ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற வட்டு இயக்கிக்காக உருவாக்கப்பட்டது. அதில் ஆட்டத்தின் நிலையை வட்டிலேயே சேமிக்கலாம். ஆனால் இடம் மாறும்போது வட்டைப் படிக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு டிசம்பரில் வட அமெரிக்காவுக்கு வந்த பதிப்பு நிண்டெண்டோ என்டர்டெயின்மெண்ட் சிஸ்டத்துக்கான கார்ட்ரிட்ஜ் ஆகும். அதில் காத்திருப்பு குறைவு. ஆனால் சேமிப்புக்குப் பதிலாக நீண்ட கடவுச்சொல்லை எழுதிவைத்து மீண்டும் உள்ளிட வேண்டும். ஐரோப்பாவுக்கு இது 1990இல்தான் சென்றது.

இன்று எளிதாகக் கிடைப்பது, 2019இல் கொனாமி வெளியிட்ட கேஸில்வேனியா ஆனிவர்சரி கலெக்ஷன். நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றில் இது ஓடும். இதில் எந்த நொடியிலும் ஆட்டத்தை உறையவைத்துச் சேமித்துக்கொள்ளும் வசதி இருப்பதால் கடவுச்சொல் தொல்லை இல்லை. 2016இல் வந்த என்இஎஸ் கிளாசிக் எடிஷன் என்ற சிறு கருவியிலும் இந்த விளையாட்டு முன்கூட்டியே பதிக்கப்பட்டிருந்தது. பழைய கார்ட்ரிட்ஜும் கருவியும் கையில் இருந்தால் அவற்றிலும் விளையாடலாம். அதனால் கூடுதலாகக் கிடைப்பது கடவுச்சொல்லைத் தவறாக எழுதிவிட்டு வருந்தும் அனுபவம் மட்டுமே என்பது என் கருத்து.

மூன்றாவது வழியும் உண்டு. ரசிகர்கள் பல ஆண்டுகளாக இந்த விளையாட்டின் உரையாடல்களைத் திருத்தி எழுதியும், இரவு பகல் மாறும்போது வரும் நீண்ட இடைநிறுத்தத்தைச் சுருக்கியும், திருத்தக் கோப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள். சொந்தமாக வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த நகலின் மீது இக்கோப்புகளைப் பொருத்தி, பழைய கருவியைப் போலச் செயல்படும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் விளையாடுவார்கள். முதல் முறை விளையாடுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். திருத்தப்பட்ட வடிவம் இதைவிட நல்ல விளையாட்டாக இருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளாக மக்கள் எதைத் திட்டினார்கள், அதையும் மீறி எதை விரும்பினார்கள் என்பதை அறிய, திட்டு வாங்கிய வடிவத்தையே ஒரு முறை பார்த்தாக வேண்டும்.

தொடங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

கதை எளியது. முதல் விளையாட்டில் டிராகுலாவை வீழ்த்திய சைமன் பெல்மாண்ட், அந்தச் சண்டையில் ஒரு சாபத்துக்கு ஆளாகி மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறான். ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. சாபம் நீங்க வேண்டுமானால், ஐந்து மாளிகைகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் டிராகுலாவின் எச்சங்களான விலா எலும்பு, இதயம், கண், நகம், மோதிரம் ஆகிய ஐந்தையும் திரட்டி, சிதைந்த கோட்டைக்குக் கொண்டுபோய், அவனை உயிர்ப்பித்து மீண்டும் அழிக்க வேண்டும். எதிரியை ஆட்டக்காரரே எழுப்ப வேண்டியிருக்கும் இந்தக் கற்பனை 1987இன் விளையாட்டுகளில் அரிதானது.

எதிரிகள் விட்டுச்செல்லும் சிறு இதயச் சின்னங்கள் இங்கே இரு வேலைகளைச் செய்கின்றன. அவையே கடைகளில் செலவிடும் நாணயம். அவையே சைமனின் நிலையை உயர்த்தும் அனுபவப் புள்ளிகளும் ஆகும். கடையில் செலவிட்டால் நாணயம்தான் குறையும், அனுபவம் குறையாது. ஆனால் மூன்று உயிர்களும் போய் ஆட்டம் முடிந்த பின் தொடர்வதைத் தேர்ந்தெடுத்தால், கையிலிருக்கும் இதயங்களும் அடுத்த நிலைக்காகச் சேர்ந்திருந்த அனுபவமும் காலியாகிவிடும். எனவே கடைசி உயிரில் இருக்கும்போது கையில் நிறைய இதயங்கள் இருந்தால், முன்னேறுவதை நிறுத்திவிட்டு அருகிலிருக்கும் ஊருக்குத் திரும்பி அவற்றைப் பொருளாக மாற்றிக்கொள்வது நல்லது. வாங்கிய பொருள் ஆட்டம் முடிந்தாலும் கையை விட்டுப் போகாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் தேவை. இந்த விளையாட்டில் வரைபடம் இல்லை. ஒவ்வொரு இடத்தின் பெயரும் திரையில் தோன்றும்போது குறித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் எது வருகிறது என்பதைக் கோடிட்டு வைத்தால் போதும். சில பாதைகள் மேலும் கீழுமாகப் பிரிவதால், வலது இடது என்ற இரண்டு திசைகளை மட்டும் நம்பினால் வழி தவறும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் பிற்பாதியில் முன்பு கடந்த இடங்களுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். அப்போது இந்தக் கோடுகள் இல்லாதவர் நேரத்தை இழப்பார், நேரமோ இங்கே கணக்கில் வைக்கப்படுகிறது.

ஊர்மக்களின் பேச்சைக் கேட்க வேண்டும், நம்பக் கூடாது. ஜப்பானியப் பதிப்பிலேயே சிலர் வேண்டுமென்று பொய் சொல்லும்படிதான் அமைக்கப்பட்டார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது உண்மை சொன்னவர்களின் பேச்சும் சிதைந்து, எது ஏமாற்று, எது பிழை என்று பிரிக்க முடியாத நிலை உண்டானது. டெபோரா என்ற செங்குத்துப் பாறையைத் தலையால் முட்டினால் துளை உண்டாகும் என்று ஒருவர் சொல்வார். அதை நம்பி முட்டிப் பார்த்தவர்கள் ஏராளம், ஒன்றும் நடக்காது. கல்லறை வாத்திடமிருந்து பட்டுப் பையைப் பெறு என்று இன்னொருவர் சொல்வார். விளையாட்டில் வாத்து எதுவும் இல்லை. பட்டுப் பை மட்டும் உண்டு. அதைவிட நம்பத்தக்கவை மறைந்திருக்கும் குறிப்பேடுகள். தரையிலும் சுவரிலும் புனித நீரை எறிந்து உடைத்தால் சில இடங்களில் இவை வெளிப்படும். கிடைத்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜோவா ஊரில் முதல் செலவு

ஆட்டம் ஜோவா என்ற ஊரில், கையில் 50 இதயங்களோடு தொடங்குகிறது. இங்கே வாங்கத்தக்கவை மூன்று: 50 இதயங்களுக்கு வெள்ளைப் படிகம், 50க்குப் புனித நீர், 100க்கு முட்சாட்டை. முதல் தொகையை வெள்ளைப் படிகத்துக்குச் செலவிடுவதா, புனித நீருக்குச் செலவிடுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டுமே முதல் மாளிகைக்குத் தேவைப்படுவதால், எதை முதலில் வாங்கினாலும் மற்றதற்காக ஊருக்கு வெளியே எதிரிகளை அடித்து இதயம் சேர்த்துத்தான் ஆக வேண்டும். புனித நீரை முதலில் வாங்குவதே என் தேர்வு. அது ஆயுதமாகவும் சுவரை உடைக்கும் கருவியாகவும் பயன்படுவதால், படிகத்துக்கான தொகையைச் சேர்க்கும் வேளையிலேயே சுற்றுப்புறத்தைத் துழாவிப் பார்க்க முடியும்.

முட்சாட்டையைத் தவிர்க்கக் கூடாது. தொடக்கத்தில் இருக்கும் தோல் சாட்டை பலவீனமானது. அதனுடன் இரவில் அகப்பட்டால் ஒவ்வொரு எலும்புக்கூட்டையும் அடித்து முடிப்பதே பெரும்பாடாகும். பின்னர் வேறு ஊர்களில் சங்கிலிச் சாட்டையும், முட்கள் பதித்த இரும்புக் குண்டு பொருத்திய சாட்டையும் விற்பனைக்கு இருக்கும். புதிய ஊர் ஒன்றைக் கண்டால் முதலில் சாட்டை விற்பவரைத் தேடுங்கள், மற்றவை பிறகு.

இரவும் பகலும்

இந்த விளையாட்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே. சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரை நின்று, ஒரு செய்திப் பெட்டி தோன்றி, சாபம் சுமப்பவனுக்கு இது எவ்வளவு கொடிய இரவு என்ற வாசகத்தை எழுத்து எழுத்தாகக் காட்டும். பிறகு இசை மாறும், வானம் கறுக்கும், எதிரிகளை வீழ்த்தப் பகலைப் போல் இரு மடங்கு அடி தேவைப்படும். ஊர்மக்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிட, தெருக்களில் நடைப்பிணங்கள் உலவும். கடைகளும், உடல்நலத்தை முழுமையாக மீட்டுத்தரும் தேவாலயங்களும் விடியும்வரை மூடியிருக்கும்.

வாசகம் தோன்றும் வேகம் ஆமையின் வேகம். குதித்துக்கொண்டிருக்கும்போது வந்தாலும், எதிரியின் மேல் சாட்டையை வீசும்போது வந்தாலும், படித்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிற்கால விமர்சகர்கள் இதைக் கேலி செய்ததில் நியாயம் உண்டு. ஆனால் அதன் பின்னுள்ள எண்ணம் தவறானதல்ல. ஒரே நிலப்பரப்பு இரு வேறு முகங்களைக் காட்டும்போது, ஊரை அடைவதற்குள் இருட்டிவிடுமோ என்ற பதைப்பு, எந்த எதிரியின் துணையும் இல்லாமல் தானாகவே உண்டாகிறது.

இதைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை வருமாறு. பகலை ஊர்களுக்கும் புதிய பாதைகளுக்கும் ஒதுக்குங்கள். இரவில் எதிரிகள் கூடுதலாக இதயம் தருவதால், சாட்டை ஓரளவு வலுத்த பிறகு இரவு நேரத்தை இதயம் சேர்க்கப் பயன்படுத்தலாம். மாளிகைக்குள் இருக்கும்வரை நேரம் நகராது. எனவே மாலை நெருங்கும் வேளையில் மாளிகையொன்றின் அருகில் இருந்தால் உள்ளே போய்விடுவது நல்லது. எத்தனையாவது நாள், என்ன நேரம் என்பதை ஆட்டத்தை நிறுத்தி வைக்கும்போது வரும் திரை காட்டும்.

நாட்கணக்கு முடிவையும் தீர்மானிக்கிறது. ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள் உண்டு: 7 நாட்களுக்குள் முடித்தால் ஒன்று, 8 முதல் 14 நாட்களுக்குள் முடித்தால் மற்றொன்று, 15 அல்லது அதற்கு மேல் ஆனால் மூன்றாவது. முதல் முறை விளையாடுபவர் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. எல்லாப் பாதைகளையும் அறிந்த பின்னரே 7 நாட்கள் என்ற எல்லை எட்டும் தொலைவில் வரும். அப்போது இரண்டாம் முறை விளையாடுவதற்கு அது நல்ல காரணமாக அமையும்.

ஊகிக்க முடியாத வாசல்கள்

இனி வருபவையே இந்த விளையாட்டைப் பலர் பாதியில் கைவிட்டதற்குக் காரணங்கள். இவற்றின் விடைகளை முன்பே அறிந்துகொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முதலாவதாக, பெர்க்லி மாளிகையின் வாசல். விலா எலும்பு இருக்கும் இந்த மாளிகைக்குள் போக வேண்டுமானால் இடைவெளி ஒன்றை நகரும் மேடையின் மேல் நின்று கடக்க வேண்டும். மேடையோ வெள்ளைப் படிகத்தைப் பொருட்பட்டியலில் தேர்ந்தெடுத்திருந்தால்தான் தோன்றும். கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும். மற்ற வாசல்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

இரண்டாவது, யூபா ஏரி. இங்கே பாதை நீரில் முடிந்துவிடும்; நீரில் இறங்கினால் மரணம். வெள்ளைப் படிகத்தை வேறொரு ஊரில் ஒருவரிடம் கொடுத்தால் அவர் நீலப் படிகமாக மாற்றித் தருவார். நீலப் படிகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஏரிக்கரையில் மண்டியிட்டுக் காத்திருந்தால், திரை மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்து, நீருக்கு அடியில் ரோவர் மாளிகைக்கான வழியைக் காட்டும். டிராகுலாவின் இதயம் இங்கே இருக்கிறது. மண்டியிடுவது என்பது இதற்கு முன் எதிரியின் தாக்குதலைத் தவிர்க்க மட்டுமே பயன்பட்ட செயல். அது ஒரு வாசலைத் திறக்கும் என்று நினைக்க ஆட்டக்காரருக்கு எந்த முன்னனுபவமும் தரப்படவில்லை.

மூன்றாவது, படகோட்டி. இறந்த நதி என்னும் ஆற்றங்கரையில் நிற்கும் இவர் கேட்டால் அக்கரைக்கு அழைத்துச் செல்வார். ஆனால் அது பிராம் மாளிகை இருக்கும் கரையல்ல. டிராகுலாவின் இதயத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவரிடம் பேசினால்தான் படகு வேறு திசையில் போகும். இது மூன்றில் ஓரளவு நியாயமான புதிர் என்று சொல்வேன். படகோட்டியின் இருப்பே ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஊர்களில் கிடைக்கும் பேச்சும் அந்தத் திசையில் கை காட்டுகிறது.

நான்காவதுதான் பேர்போன டெபோரா பாறை. நீலப் படிகத்தை இன்னோர் ஊரில் சிவப்புப் படிகமாக மாற்றிக்கொண்டு, அதைத் தேர்ந்தெடுத்து, பாறையின் முன் மண்டியிட்டுச் சில நொடிகள் அசையாமல் காத்திருக்க வேண்டும். சூறைக்காற்று ஒன்று வந்து சைமனைத் தூக்கிக்கொண்டு போய், நகம் இருக்கும் போட்லி மாளிகையின் அருகே இறக்கிவிடும். பாறை வெறும் முட்டுச்சுவராகத் தோன்றுவதாலும், தலையால் முட்டச் சொன்ன குறிப்பு எதிர்த்திசையில் இழுப்பதாலும், காத்திருக்க வேண்டிய நேரம் ஒருவர் தற்செயலாக மண்டியிட்டிருக்கக்கூடிய நேரத்தைவிட அதிகமாக இருப்பதாலும், இதைத் தானாகக் கண்டுபிடித்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருக்க வேண்டும். அக்கால ஆட்டக்காரர்கள் இதை இதழ்களிலிருந்தோ பள்ளி நண்பர்களிடமிருந்தோதான் அறிந்தார்கள்.

நிண்டெண்டோ பவர் இதழின் இரண்டாவது இதழ் 1988இல் இந்த விளையாட்டையே அட்டைப்படமாகக் கொண்டு வந்தது. டிராகுலாவின் வெட்டப்பட்ட தலையைச் சைமன் வேடமிட்டவர் கையில் பிடித்திருந்த அந்தப் படம், குழந்தைகளை அச்சுறுத்துவதாகப் பெற்றோர்களின் புகாரைப் பெற்றது தனிக்கதை. ஒரு விளையாட்டின் விடை விளையாட்டுக்கு வெளியே விற்கப்பட்டது அன்றைய வழக்கம். அந்த வழக்கம் மறைந்த பின் இந்த விளையாட்டு தனியே நின்று எல்லாப் பழியையும் ஏற்றது.

மாளிகைகளுக்குள்

ஐந்து மாளிகைகளின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே எங்கோ ஒரு வணிகர் 50 இதயங்களுக்கு ஓக் மர ஆப்பு ஒன்றை விற்பார். அதை எடுத்துக்கொண்டு, ஓர் உருண்டை தங்கியிருக்கும் அறையை அடைந்து, அதன் மேல் ஆப்பை எறிந்தால் டிராகுலாவின் எச்சம் வெளிப்படும். ஒவ்வொரு மாளிகைக்கும் புதிய ஆப்பு வாங்க வேண்டும். ஆகவே 50 இதயங்களுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு மாளிகைக்குள் நுழைவதில் பயனில்லை.

மாளிகைகளின் உண்மையான ஆபத்து எதிரிகளல்ல, தரை. உறுதியாகத் தோன்றும் சில கட்டைகளில் கால் வைத்தால் ஊடுருவி விழ நேரும். சந்தேகம் தோன்றும் இடத்திலெல்லாம் ஓரத்தில் நின்று முன்னால் புனித நீரை எறியுங்கள். நீர்க்குப்பி தரையில் மோதி உடைந்தால் தரை உண்மையானது. தரையைக் கடந்து கீழே போனால் பொய்யானது. எறிந்து எறிந்து நடப்பது தொடக்கத்தில் எரிச்சலூட்டும். இரண்டாம் மாளிகைக்குள் கை தானாகவே பழகிவிடும்.

சேகரித்த எச்சங்கள் வெறும் கோப்பைகள் அல்ல. விலா எலும்பு எறிகணைகளைத் தடுக்கும் கேடயமாகும். கண் மறைந்திருக்கும் குறிப்பேடுகளைக் காட்டும். நகம் சாட்டையாலேயே சில கட்டைகளை உடைக்க வைக்கும். விலா எலும்பைத் தவிர மற்றவற்றை நாள் முழுவதும் தேர்ந்தெடுத்து வைத்திருக்க வேண்டிய தேவை ஏற்படாது.

இரண்டு மாளிகைகளில்தான் பெரிய எதிரிகள் இருக்கிறார்கள்: பிராம் மாளிகையில் காலனின் உருவம், லரூபா மாளிகையில் கார்மில்லா. இருவரையும் சண்டையிடாமல் தாண்டிப் போகவும் முடியும் என்பது முதல் விளையாட்டை முடித்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தாண்டிவிடாதீர்கள். காலனை வீழ்த்தினால் தங்கக் கத்தி கிடைக்கும். கார்மில்லாவை வீழ்த்தினால் மந்திரச் சிலுவை கிடைக்கும். கத்தி கடைசிச் சண்டையை எளிதாக்கும். சிலுவை இல்லாமல் கோட்டைக்குள் போக முடியாது.

வழியில் கல்லறைகளைக் கடக்கும்போது, பூண்டு வாங்கி வைத்திருந்தால் அங்கே அதைத் தரையில் போட்டுப் பாருங்கள். சிலர் வெளிப்பட்டுப் பயனுள்ள பொருள் தருவார்கள். லாரல் இலைகள் சில நொடிகளுக்குச் சைமனை எந்தத் தாக்குதலும் தீண்டாமல் காக்கும்; நச்சுச் சதுப்பு நிலங்களை அவற்றோடு கடப்பது எளிது.

கோட்டை

ஐந்தும் சேர்ந்த பின் சிதைந்த கோட்டைக்குள் நுழைந்தால், அங்கே ஒரு எதிரியும் இல்லை. முதல் விளையாட்டில் ஒவ்வொரு படிக்கட்டிலும் உயிரை எடுத்த அதே கோட்டை இப்போது வெறுமையாக, சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. இதை முடிக்கப்படாத வேலை என்று சிலர் சொல்கிறார்கள். காரணம் எதுவாயினும், ஆட்டம் முழுவதும் நெருங்கிய இடத்தில் யாரும் இல்லாததைக் காண்பது, பத்து எதிரிகளை அங்கே நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் விளைவைவிட வலுவானது என்பதே என் மதிப்பீடு. புனித நீரால் கட்டைகளை உடைத்து அடித்தளம்வரை இறங்குங்கள்.

அங்கே எச்சங்கள் எரிந்து டிராகுலா எழுவான். தங்கக் கத்தியைத் தொடர்ந்து எறிந்துகொண்டே இருந்தால், அடிபடும் ஒவ்வொரு முறையும் அவன் உறைந்துபோவதால், ஒரு தாக்குதலும் செய்ய முடியாமல் முடிந்துவிடுவான். இத்தனை அலைச்சலுக்குப் பின் இவ்வளவு எளிதான முடிவு இந்த விளையாட்டின் உண்மையான குறை. மொழிபெயர்ப்பின் மேல் பழி போட முடியாத குறை. சண்டையைச் சண்டையாக உணர விரும்புபவர் கத்தியை ஒதுக்கிவிட்டுச் சாட்டையால் மட்டும் அடிக்கலாம்.

அடுத்து எதை விளையாடுவது

சைமன்ஸ் க்வெஸ்டின் எண்ணங்கள் எங்கெங்கே தங்கின என்பதைப் பார்க்க, இதை முடித்த பிறகு சிலவற்றை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் 1989இல் ஜப்பானில் வெளிவந்த மூன்றாவது விளையாட்டு. ஊர்களும் கடைகளும் நாட்கணக்கும் அதில் இல்லை. கட்டம் கட்டமாகச் செல்லும் பழைய முறைக்கே திரும்பி, பாதைகள் பிரியும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டது. முதல் மூன்று விளையாட்டுகளையும் இயக்கியவர் ஹிதோஷி அகமாட்சு என்பதால், ஒரே இயக்குநர் தன் சோதனையிலிருந்து எதை வைத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பதை நேரடியாக ஒப்பிட முடிகிறது. அதே காலத்தில் நிண்டெண்டோவும் 1987இல் செல்டாவின் இரண்டாம் பாகத்தைப் பக்கவாட்டுக் காட்சியும் அனுபவப் புள்ளிகளுமாக மாற்றிவிட்டு, மூன்றாம் பாகத்தில் மேலிருந்து பார்க்கும் பழைய காட்சிக்குத் திரும்பியது. இரண்டாம் பாகத்தில் துணிந்து தடம் மாறுவது அன்று ஒரு நிறுவனத்தின் தனிப் பழக்கம் அல்ல.

அடுத்தது 1997இல் வந்த சிம்ஃபனி ஆஃப் தி நைட். விரிந்த ஓர் இடத்தில் அலைந்து, பொருள்களைச் சேர்த்து, நிலை உயர்த்தி, முன்பு அடைத்திருந்த வழிகளைத் திறக்கும் அமைப்பு இங்கே முழு வளர்ச்சி பெற்றது. இன்று மெட்ராய்ட்வேனியா என்று வழங்கும் வகைக்குப் பெயரின் பிற்பாதியைக் கொடுத்ததும் இந்தத் தொடர்தான். அதன் பிற்பகுதியில் டிராகுலாவின் ஐந்து எச்சங்களை மீண்டும் திரட்ட வேண்டியிருக்கும். நகத்துக்குப் பதில் பல் இருக்கும், மற்ற நான்கும் அப்படியே. 2002இன் ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸும் எச்சங்களைத் தேட வைக்கிறது. 2008இன் ஆர்டர் ஆஃப் எக்லீசியாவில் ஓர் ஊரும் அதன் மக்களும் மீண்டும் தோன்றி, அவர்களின் கோரிக்கைகளை நிறைவேற்றுவது ஆட்டத்தின் பகுதியானது. திட்டு வாங்கிய விளையாட்டின் எண்ணங்களை, அவற்றைச் சரியாக விளக்கத் தெரிந்த பிற்காலத்தார் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டதை இவற்றில் காணலாம்.

இந்த விளையாட்டின் இசையோ பிற்காலத்தாருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பகல் நேரத்தில் ஊர்களுக்கு வெளியே ஒலிக்கும் ப்ளடி டியர்ஸ் என்ற மெட்டு, கெனிச்சி மட்சுபாரா இசையமைத்த இந்த விளையாட்டில்தான் முதன்முதலாகக் கேட்டது. 1991இன் சூப்பர் கேஸில்வேனியா 4 அதைத் தன் இறுதிப் பகுதியில் கையாண்டது. 2018இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் சைமன் சேர்ந்தபோது மெட்டும் உடன் வந்தது. அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸின் அசைபடத் தொடரின் இரண்டாம் பருவத்திலும் ஒலித்தது. விளையாட்டை ஒருபோதும் தொடாதவர்களும் இந்த மெட்டை அறிந்திருப்பார்கள்.

அவப்பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் ரோல்ஃப் 2004இல் இந்த விளையாட்டைக் கோபத்தோடு விமர்சித்து எடுத்த சிறு காணொளி 2006இல் யூடியூபில் பரவி, ஆங்ரி வீடியோ கேம் நெர்ட் என்ற நெடுந்தொடருக்கு வித்திட்டது. இரவு வாசகத்தின் வேகம், பாறை, பொய் சொல்லும் ஊர்மக்கள் என்று இன்றும் எல்லோரும் சொல்லும் குறைப்பட்டியல் பெரும்பாலும் அந்தக் காணொளியின் வழியாகப் பொதுவழக்கானது. விளையாடி முடித்த பிறகு அதைப் பாருங்கள். முன்னால் பார்த்தால் அவருடைய எரிச்சல் உங்களுடையதாகிவிடும்.

கடைசியாக, பெர்செர்க் ஸ்டுடியோ உருவாக்கி 2022இல் வெளிவந்த இன்ஃபெர்னாக்ஸ். இரவு பகல் மாற்றம், ஊர்கள், பக்கவாட்டில் விரியும் நாடு என இதன் எலும்புக்கூடு சைமன்ஸ் க்வெஸ்டினுடையது என்பதை முதல் சில நிமிடங்களிலேயே உணர முடியும். ஆனால் ஊர்மக்கள் சொல்வது புரியும், நீங்கள் எடுக்கும் முடிவுகளுக்கு ஏற்ப ஆட்டத்தின் போக்கும் மாறும். இரண்டையும் அடுத்தடுத்து விளையாடும்போது, யூபா ஏரிக்கரையில் எந்த ஒரு வரித் தகவல் இல்லாமல் போனது என்பதை நீங்களே எழுதிப் பார்க்க முடியும்.